சந்தில் ஓடும் மோட்டார், மதிலுக்கு அந்தப் பக்கம் தூங்காத வீடு: சத்தத் தகராறை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனைகள் அதிகம். 1200 சதுர அடியில் வீட்டைக் கட்டிப் பக்கவாட்டில் மூன்றடி விட்டிருந்தால் அதுவே தாராளம். அந்த மூன்றடிச் சந்தில்தான் மோட்டார் இருக்கும், ஏசியின் வெளி யூனிட் தொங்கும், பழைய போர் (ஆழ்துளைக் கிணறு) உள்ள வீடுகளில் கம்ப்ரசரும் உட்கார்ந்திருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மூன்றடி. அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல்.

மோட்டார், ஏசி வேலைக்காக இந்தத் தெருக்களில் இருபது வருடத்துக்கு மேல் போய்வருகிறேன். ரிப்பேர் என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் நன்றாகவே ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி வந்து கத்திவிட்டுப் போனார், அதனால் கூப்பிட்டிருப்பார்கள். கழன்று விழுந்த ஒரே ஒரு ஸ்க்ரூவுக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கே போனாலும் சொல்கிறேன்: முதலில் மெஷினைப் பாருங்கள், ஆளிடம் அப்புறம் பேசலாம்.

கீழே சத்தத்தின் வகைப்படி பிரித்திருக்கிறேன். செலவு குறைவான காரணம் முன்னால், செலவு பிடிப்பது பின்னால். மெஷின் உங்களுடையது என்றால் நேராக இறங்கலாம். பக்கத்து வீட்டுடையது என்றால் உங்களுக்குக் கேட்கும் சத்தம் எந்த வகை என்று குறித்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். "உங்க மோட்டார் தொல்லை தாங்கல" என்பதைவிட, "சார், மோட்டார் நிக்கும்போது டமால்னு ஒரு சத்தம் வருது, வால்வு போயிருக்கும் போல" என்று சொன்னால் கதவு திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெஷினில் கை வைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் எம்சிபியை (மின் பெட்டியில் அந்த லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மோட்டார் பாடியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்றால் மேலே எதையும் செய்ய வேண்டாம், அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: சத்தம் எந்த வீட்டுடையது?

குறுகலான சந்தில் சத்தம் இரண்டு சுவரிலும் மோதி மோதி வரும். காது திசையைத் தப்பாகச் சொல்லும். சேலையூரில் ஒரு பெரியவர் வலப்பக்க வீட்டு ஏசி என்று உறுதியாகச் சொன்னார். மூன்று மாதமாக அந்த வீட்டாரோடு மனஸ்தாபம். ராத்திரி பதினோரு மணிக்குப் போய் நின்று பார்த்தேன். சத்தம் பின்னால் இருந்த வீட்டு மாடியிலிருந்து வந்து, வலப்பக்கச் சுவரில் அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

இதற்கு இரண்டு பேரும் இரண்டு செல்போனும் போதும். ஒருவர் உங்கள் படுக்கையறையில் இருக்கட்டும். இன்னொருவர் மெஷின் பக்கத்தில் நின்று, போனில் சொல்லிவிட்டு அணைக்கட்டும், மறுபடி போடட்டும். மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் சத்தம் கூடவே நின்று கூடவே வந்தால் அதுதான் மெஷின். உங்கள் வீட்டு மெயினையும் ஒரு நிமிடம் இறக்கிப் பாருங்கள். உங்கள் பிரிட்ஜோ இன்வெர்ட்டரோ உறுமுவதைப் பக்கத்து வீட்டின் மேல் போட்டவர்களும் உண்டு.

பக்கத்து வீட்டாரோடு பேச்சு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

## அறிகுறி: ஜன்னலைச் சாத்தினாலும் குறையாத "ம்ம்ம்"

காற்று வழியாக வரும் சத்தம் ஜன்னலைச் சாத்தினால் குறையும். குறையவில்லை என்றால் சுவர் வழியாக வருகிறது. உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பாருங்கள். தரையில் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மேலே சுருக்கம் சுருக்கமாக அலை எழும்பும். தலையணையில் படுத்தால் அதிகமாகவும் எழுந்து நின்றால் குறைவாகவும் கேட்பதும் இந்த வகைதான்.

முதலில் அடிப்பக்க போல்ட்டுகள். மோட்டாரைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கில் ஒன்று தளர்ந்தாலே போதும், மொத்த மேடையும் ஆடும். ஸ்பேனர் எடுத்து இறுக்குங்கள். துருப்பிடித்து நட் சுற்றவே இல்லை என்றால் போல்ட்டையே மாற்றிவிடலாம்.

அடுத்து ரப்பர். மோட்டார் அடியிலும் ஏசி ஸ்டேண்டிலும் ரப்பர் பேடு இருக்க வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரமே கல் மாதிரி இறுகிவிடுகிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியவில்லை என்றால் மாற்றுங்கள். பழைய டயரை வெட்டி வைப்பார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் தடிமனான ரப்பர் பேடு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. ரப்பரை வைத்துவிட்டு போல்ட்டை நசுங்க நசுங்க முறுக்கினால் பயன் இல்லை. அது சற்று அமுங்கி எழ இடம் வேண்டும்.

மூன்றாவது பைப். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குக் கீழே ரப்பர் போட்டிருப்பார்கள், ஆனால் மேல்தொட்டிக்குப் போகும் பைப்பை இரும்புக் கிளாம்பால் சுவரோடு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதிர்வு அந்த வழியாக ஏறிவிடும். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு கிளாம்பிலும் கை வைத்துப் பாருங்கள். எங்கே துடிக்கிறதோ அங்கே கிளாம்பைக் கழற்றி, பைப்பைச் சுற்றி சைக்கிள் டியூப் ஒரு சுற்று சுற்றி மறுபடி மாட்டுங்கள். சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் சிமென்ட் பைப்பை இறுக்கிப் பிடித்திருந்தால் அதைக் கொஞ்சம் கொத்தி இடைவெளி விட வேண்டியிருக்கும்.

கடைசியில் இடமாற்றம். மோட்டாரோ ஏசி பிராக்கெட்டோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரிலேயே அடித்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் உதவும். தரையில் தனிக் கான்கிரீட் மேடை போட்டுச் சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் சேர்த்துக் கூப்பிட வேண்டிய வேலை இது.

## அறிகுறி: மோட்டாரில் கரகரப்பு, கீச்சொலி

ஓடும்போது அணையுங்கள். அணைத்த அந்த இரண்டு மூன்று நொடிகளைக் கவனித்துக் கேளுங்கள்.

### அணைத்த பிறகும் சுற்றி நிற்கும்வரை கரகரக்கிறது

பின்பக்க மூடிக்குள் இருக்கும் காற்றாடியை முதலில் பாருங்கள். மூடி நசுங்கி இறக்கை அதில் உரசும், அல்லது மூடியின் ஸ்க்ரூ ஒன்று விழுந்து தகரம் நடுங்கும். நான் முதலில் சொன்ன அந்த இரண்டு வீட்டுக் கதை இதுதான். சந்தில் விளக்கு இல்லாததால் யாரும் குனிந்து பார்க்கவே இல்லை.

அது சரியாக இருந்தால் பேரிங், அதாவது மோட்டார் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை, மோட்டார் ஓடும்போது, சுற்றும் பாகம் எதிலும் படாமல் பேரிங் இருக்கும் முனையில் பாடி மேல் வைத்துக் கைப்பிடியில் காதை வையுங்கள். சீரான இரைச்சல் வந்தால் நல்லது. மணல் அரைப்பது போல் வந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றுவது மோட்டார் கடை வேலை, வீட்டில் சுத்தியலால் தட்டாதீர்கள். மாற்றும்போது தண்ணீர் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பம்புத் தண்ணீர் மோட்டாருக்குள் வராமல் தடுக்கும் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கித்தான் பெரும்பாலும் பேரிங் கெடுகிறது. சீலை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்ப வரும்.

### அணைத்த உடனே சத்தம் பட்டென்று நிற்கிறது

இது மின்சாரப் பக்கம். வோல்டேஜ் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் கெபாசிட்டர் போயிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிடும். அணைத்த பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். அதை எலக்ட்ரீஷியன் மாற்றட்டும்.

### டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் இருக்கிறது

தண்ணீர் சரியாக வந்து சேரவில்லை. சம்பில் (தரைக்கடித் தொட்டி) தண்ணீர் அளவைப் பாருங்கள். தண்ணீர் இழுக்கும் பைப்பின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் பாசியும் குப்பையும் அடைத்திருக்கும், எடுத்துக் கழுவுங்கள். அதன்பின் சம்பிலிருந்து மோட்டாருக்கு வரும் பைப்பின் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா என்று பார்த்து டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குங்கள். மேல்தொட்டியில் விழும் தண்ணீரில் காற்றுக் கொப்புளம் கலந்து வந்தால் காரணம் இதுதான். இதைச் சரிசெய்தால் சத்தமும் குறையும், தொட்டியும் சீக்கிரம் நிறையும், கரண்ட் பில்லிலும் தெரியும்.

## அறிகுறி: மோட்டார் நின்றதும் "டமால்"

மேல்தொட்டிக்குப் போகும் பைப்பில் நிற்கும் தண்ணீர் திரும்பி விழுந்து வால்வில் மோதுகிறது. ராத்திரியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் திடுக்கிட எழுப்புவது இந்தச் சத்தம்தான். தொடர்ந்து வரும் இரைச்சலுக்குக் காது பழகும், இதற்குப் பழகாது.

தளர்ந்த பைப் கிளாம்புகளைச் சரிசெய்யுங்கள். போதவில்லை என்றால் மோட்டாருக்கு மேலே இருக்கும், தண்ணீரைத் திரும்பவிடாத "நான்-ரிட்டர்ன்" வால்வை மாற்றுங்கள். மடிந்து விழும் தகடு உள்ளதை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்ததைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் திரும்பி வருவதற்குள் அது மூடிக்கொள்ளும். பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை.

## அறிகுறி: ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடுகிறது

என்னைக் கேட்டால் இன்றைக்குத் தகராறுகளில் பெரிய பங்கு இதற்குத்தான். முன்பு ஆள் போய் சுவிட்சைப் போட்டார்கள். இப்போது தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாகவே மோட்டாரைப் போடும் கன்ட்ரோலர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதற்கு இரவு பகல் தெரியாது. வீட்டுக்காரர் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். தன் மோட்டார் ராத்திரியில் ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. "நாங்க ராத்திரியில மோட்டார் போடறதே இல்ல" என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. இது தெரியாததால்தான் சண்டை முற்றுகிறது.

செலவே இல்லாதது: படுக்கப் போகும் முன் கன்ட்ரோலரை "மேனுவல்" பக்கம் திருப்பிவிடுவது, அல்லது மோட்டாரை ஒரு முறை போட்டு ஒன்பது மணிக்குள் தொட்டியை நிரப்பிவிடுவது. நிறைந்த தொட்டி ஒரு குடும்பத்துக்குக் காலைவரை தாராளமாக வரும்.

நிறைத்தும் ராத்திரியில் காலியாகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். உள்ளே கொஞ்சம் மஞ்சள் தூளோ துணிக்குப் போடும் நீலமோ கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில், யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி ஓடி நிற்பதற்கும் இதே ஒழுகல்தான் முதல் சந்தேகம். ஒழுகல் எங்கேயும் இல்லை என்றால் பம்போடு இருக்கும் பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கலாம், அதைப் பம்ப் மெக்கானிக் பார்க்கட்டும்.

சிறு செலவு: ஒரு டைமர். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை கன்ட்ரோலருக்கு மின்சாரம் போகாதபடி எலக்ட்ரீஷியன் மாட்டிக்கொடுப்பார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது, கீழே சட்டம் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

தண்ணீர் விடியற்காலை நாலு மணிக்குத்தான் வருகிறது என்றால்: இது நியாயமான கஷ்டம். வண்டித் தண்ணீருக்குக் காசு கொடுத்து அலுத்தவர்களிடம் "மோட்டார் போடாதே" என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் குழாய்த் தண்ணீர் தானாகவே சம்பில் விழட்டும். மேலே ஏற்றுவதை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். சம்ப் சிறியது, நாலு மணிக்கே நிறைந்து வழிகிறது என்றால் கூட ஒரு சின்டெக்ஸ் தொட்டியைக் கீழ்மட்டத்தில் இணைக்கப் பாருங்கள். தெருக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது வேறு விஷயம். அது அனுமதிக்கப்படாதது, சத்தத்தோடு தெருவுக்கே தண்ணீர் இல்லாமலும் செய்கிறது.

## அறிகுறி: "டகடக டகடக", தெரு முழுக்கக் கேட்கிறது

கம்ப்ரசர். குறுகிய பழைய போர்களில் காற்றை உள்ளே அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் முறை. சந்தில் வைக்கும் கருவிகளில் இதைவிடச் சத்தமானது ஜெனரேட்டர் மட்டும்தான். சாதாரண மோட்டார் கொஞ்ச நேரத்தில் நிறைத்துவிடும் தொட்டிக்கு இது ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடும், அதுதான் கூடுதல் வேதனை.

பெல்ட்டைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் படபடவென அடித்துக்கொள்ளும். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் பெல்ட் கீச்சிடும், சீக்கிரம் தேயும்.

காற்று இழுக்கும் வாயில் ஃபில்டர் இருக்கிறதா? பல வீடுகளில் அது என்றைக்கோ உடைந்து, திறந்த வாயாகவே ஓடுகிறது. அந்த "டகடக"வில் பெரும்பகுதி அந்த வாயிலிருந்துதான் வருகிறது. நல்ல ஃபில்டர் ஒன்றை மாட்டி, அதைப் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து தெருப் பக்கம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறவில்லை என்றால் உள்ளே வால்வு, பிஸ்டன் பக்கம் தேய்மானம். அப்போது ஒரு கணக்குப் போட வேண்டும். பழைய கம்ப்ரசருக்குப் பெரிய செலவு செய்வதைவிடப் போருக்குள்ளேயே இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. குறுகிய போரிலும் இறங்கும் ஒல்லியான சப்மெர்சிபிள்கள் இப்போது வந்துவிட்டன. மோட்டார் தண்ணீருக்குள்ளே இருப்பதால் மேலே சத்தமே இருக்காது. போரின் அகலம், ஆழம், தண்ணீர் ஊறும் வேகம் மூன்றையும் போர் வேலை தெரிந்தவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். போர் வளைந்திருந்தாலோ உள்ளே மண் சரிந்திருந்தாலோ மோட்டார் சிக்கிக்கொள்ளும், அதனால் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

## அறிகுறி: ஏசி வெளி யூனிட் இரைகிறது, சூடு அடிக்கிறது, சொட்டுகிறது

ஏசி புகாரில் சத்தம் தனியாக வருவது குறைவு. சூடான காற்றும் ஜன்னல் மேல் அடிக்கும், தண்ணீரும் சொட்டும். மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்தால்தான் எதிர்வீட்டு மனசு ஆறும்.

தகரம் நடுங்கினால் மேல் மூடி ஸ்க்ரூக்கள். சர்வீஸுக்கு வந்தவர் நாலு போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டுப் போயிருப்பார். காற்றாடியில் "டக் டக்" என்று தட்டினால் குச்சியோ இலையோ புறா கட்டிய கூடோ உள்ளே இருக்கும். முட்டை இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் யாரும் மறுத்ததில்லை. செம்புக் குழாய் ஒன்றோடொன்று உரசி ஜிர்ரென்றால் நடுவில் ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டலாம்.

பிராக்கெட் துருப்பிடித்திருந்தால் சத்தத்தை மறந்துவிடுங்கள், அது விழுந்து ஆளைக் கொன்றுவிடும். அன்றைக்கே மாற்றுங்கள். மாடியில் தொங்கும் யூனிட்டை நீங்களே சாய்ந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

சொட்டும் தண்ணீருக்கு டிரெயின் பைப்பை உங்கள் பக்கமே தரைவரை இறக்கிச் செடிக்கு விடுங்கள்.

பக்கத்து வீட்டார் பொதுவாகக் கேட்பது, "அதைப் பலகை வச்சு மூடிடுங்க." அதைச் செய்யக் கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் ஏசிக்குள் இருக்கும் கம்ப்ரசர் திணறும், சத்தம் இன்னும் கூடும், கரண்டும் கூடும். அதற்குப் பதில் காற்றைத் திருப்பிவிடும் தகடு ஒன்றை முன்னால் சற்று இடைவெளி விட்டு மேல்நோக்கி வைக்கலாம். இல்லையென்றால் யூனிட்டையே மொட்டை மாடிக்கோ தெருப் பக்கத்துக்கோ மாற்றுவதுதான் வழி. குழாய் நீளம் கூடும், கேஸ் சேர்க்க வேண்டும், அதனால் ஏசி மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. புது வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளான் போடும்போதே வெளி யூனிட்டுக்கு மாடியில் இடம் ஒதுக்கிவிடுங்கள். பின்னால் பிரித்து மாட்டுவதைவிடச் செலவு குறைவு.

## அறிகுறி: ஜெனரேட்டர்

இதில் சத்தத்தை விடப் புகைதான் என் கவலை. சந்தில் ஓடும் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் போய்த் தூங்குகிறவர்களைக் கொல்லும். ஜன்னலுக்கு அருகே, மூடிய சந்தில், சாக்கு போட்டு மூடி என எந்த வகையிலும் ஓட்டாதீர்கள். தலைவலி, மயக்கம் என்று யாராவது சொன்னால் உடனே அணைத்து வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

டீசல் ஜெனரேட்டர்கள் சத்தம் அடக்கும் கூண்டோடுதான் வர வேண்டும். 2005 முதல் தயாரான வீட்டு உபயோக அளவு டீசல் ஜெனரேட்டருக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல்தான் உச்ச வரம்பு. கூண்டின் கதவைத் திறந்துவைத்து ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சைலன்சர் ஓட்டையாகியிருக்கலாம். மின்வெட்டு குறைந்த இந்நாளில், விளக்கும் மின்விசிறியும் ஓடினால் போதும் என்றால் இன்வெர்ட்டருக்கு மாறிவிடலாம்.

## அறிகுறி: கிரைண்டர், வாஷிங் மெஷின்

சுருக்கமாக. வாஷிங் மெஷின் பிழியும்போது குதித்தால் துணி அதிகம், அல்லது நான்கு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை. வாங்கின நாளிலிருந்தே குதிக்கிறது என்றால், வண்டியில் கொண்டுவருவதற்காகப் பின்பக்கம் போட்ட போல்ட்டுகளைக் கழற்றவில்லை. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, மேடையைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைப்பது. மாவு விற்பவர்கள் விடியற்காலை அரைப்பதை முந்தின நாள் மாலைக்கு மாற்ற முடியுமா என்று பேசலாம். அது அவர்களின் பிழைப்பு, பேச்சில் அந்த மரியாதை இருக்கட்டும்.

## மெஷின் தெரிந்துவிட்டது, ஆனால் பேச முடியவில்லை

### "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே"

உண்மையாகவே கேட்காது. அவர் வீட்டில் மோட்டாருக்கும் படுக்கையறைக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கும். வாதாட வேண்டாம், கூப்பிடுங்கள். "சார், பத்து நிமிஷம் எங்க ரூம்ல வந்து உக்காருங்க, அங்க மோட்டாரைப் போடச் சொல்லுங்க." முடிந்தால் சத்தம் வரும் அந்த நேரத்திலேயே. வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கும் அறைக்குக் கூப்பிடுங்கள். நான் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன், இந்தப் பத்து நிமிடம் செய்ததை எந்த வாதமும் செய்ததில்லை.

வர மறுத்தால் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், என்ன மாதிரிச் சத்தம். செல்போனில் ஒரே இடத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். போன் காட்டும் டெசிபல் கணக்கு நீதிமன்றத்துக்கு உதவாது, ஆனால் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும்.

### "முப்பது வருஷமா இங்கதான் இருக்கு"

இருக்கலாம். அப்போது உங்கள் மனை காலியாக இருந்தது. இதில் உரிமையைப் பேசினால் பேச்சு நின்றுவிடும். நேரத்தைப் பேசுங்கள். மோட்டார் அங்கேயே இருக்கட்டும், ராத்திரி பத்துக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள்.

### வாடகைக்கு இருக்கிறார்கள், வீட்டுக்காரர் வெளியூர்

குடியிருப்பவரால் நேரத்தை மாற்ற முடியும், பொருளை மாற்ற முடியாது. அவரிடம் டைமரை மட்டும் கேளுங்கள். ரப்பர், வால்வு, இடமாற்றம் எல்லாம் வீட்டுக்காரரிடம். சத்தத்தின் வீடியோவோடு மெக்கானிக் சொன்ன காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.

### செலவை யார் ஏற்பது

மெஷின் யாருடையதோ அவர்தான். ஆனால் ரப்பர் பேடு, டைமர் அளவுக்கான செலவு என்றால் பாதியை நீங்களே தர முன்வாருங்கள். ஒரு மாதத் தூக்கத்துக்கு அது குறைவு. இடமாற்றம் மாதிரிப் பெரிய செலவுக்கு இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு மெக்கானிக்கை அழைத்து இருவர் முன்னாலும் சொல்ல வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூட்டிவந்த ஆளை மறுபக்கம் நம்பாது.

### உங்கள் மேல் புகார் வந்தால்

முதல் நாளே போய் நில்லுங்கள். "நாளைக்குப் பாத்துடறேன்" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர்கள் கதவைத் தட்டுகிறார்கள். சொன்னபடி பார்த்தபின் திரும்பப் போய், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

## எப்போது வெளியே போவது

மேலே சொன்னது எதுவும் பலிக்காமல் ஒரு மாதம் ஆகிவிட்டால், அல்லது மிரட்டல் வந்தால். மிரட்டலோ கைகலப்போ என்றால் காத்திருக்க வேண்டாம், 100 அல்லது 112.

சட்டம் எண்ணில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை, இரவு என்பது 10 முதல் 6 வரை. டைமரை அந்த நேரத்துக்கு வைக்கச் சொன்னது இதனால்தான். அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் உரிய அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரும் காவல் ஆணையரும் அதில் வருவார்கள். ஆனால் இந்த அளவு ஒரு நொடி உச்சத்தை வைத்தல்ல, சராசரியை வைத்துப் பார்ப்பது. இருபது நிமிடம் ஓடும் மோட்டார் உங்களைத் தூங்கவிடாமல் செய்தும் கணக்கில் தப்பிவிடலாம். அதனால் முழுக்க எண்ணை நம்பி இறங்காதீர்கள்.

மூன்று நான்கு வீடுகளுக்குத் தொல்லை என்றால் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் அந்த வழி சரிவராது. அது உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்க வேண்டிய விஷயம், வக்கீலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, நான் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடாமலே மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. 15100-க்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

அங்கே போகும்போது குறிப்பேட்டையும் மெக்கானிக் எழுதிக்கொடுத்த சீட்டையும் எடுத்துப் போங்கள். ஒப்பந்தத்தில் "சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார்" என்று எழுத விடாதீர்கள், அதை வைத்து நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. மோட்டார் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஓடலாம், எந்த வால்வு, எந்த ரப்பர், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று எழுதச் சொல்லுங்கள். வெளியூர் போகும்போது கன்ட்ரோலரை யார் அணைப்பது என்பதையும் சேர்த்து.